பொட்டலத்தில் மடித்த நாலு மாத்திரை

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மதுரை காளவாசலில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். கிளினிக் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெஞ்சு போட்ட ஒரு கூடம், டாக்டர் அறை, குளுக்கோஸ் ஏற்ற இரண்டு கட்டில் போட்ட ஒரு அறை, பின்னால் நான் மருந்து கலக்குகிற அறை. அவ்வளவுதான்.

அந்த நாலு சுவருக்குள் பன்னிரண்டு வருஷம் நான் வைத்ததுதான் சட்டம். டாக்டர் வருவதற்கு முன்பே கூட்டம் வந்துவிடும். ஒவ்வொருவரையும் நாக்கை நீட்டச் சொல்லுவேன். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். புறங்கையை நெற்றியில் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடுவதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது. பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வரட்டும் என்றுதான். டாக்டரிடம் சீட்டைக் கொடுக்கும்போது, "இது டைபாய்டு மாதிரி தெரியுது சார்", "இது வெறும் சளிக்காய்ச்சல் சார்" என்று காதில் போட்டுவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவரும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "என்னப்பா சொல்ற?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் பேரை வெளியூரில் பரப்பியவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். உசிலம்பட்டியில் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பரம ரகசியமாக விலை பேசுகிற மனுஷர், என்னைப் பற்றி மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். எங்க மாப்ள தொட்டா காய்ச்சல் விட்டுரும் என்று அவர் சொன்னதை நம்பி, உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறிவந்து காளவாசலில் இறங்குகிறவர்கள் டாக்டர் பேரைக் கேட்க மாட்டார்கள். கம்பவுண்டர் இருக்காரா என்றுதான் கேட்பார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது டாக்டர் மெட்ராசுக்கு ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்ததும் வராததுமாக, இனிமேல் நாலு நாளைத் தாண்டிய காய்ச்சல் எதுவானாலும் ரத்தம் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் என் மருந்து அறைக்கு நடுவில் பலகைத் தடுப்பு வந்தது. ஜன்னல் இருந்த பாதி லேபுக்குப் போயிற்று. ஒரு மைக்ராஸ்கோப் வந்தது. அதை இயக்க ஒரு பெண்ணும் வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். முறையாக லேப் படிப்பு படித்தவள். ஆரப்பாளையத்தில் அம்மாவுடன் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். என்னை முதல் நாளிலிருந்தே "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

பொறாமை என்று நாகரிகமாகச் சொல்லலாம். எனக்கு வந்தது பச்சையான வயிற்றெரிச்சல். டாக்டர் இப்போது என்னைப் பார்த்து "என்னப்பா சொல்ற?" என்று கேட்பதில்லை. "ரிப்போர்ட் வந்துருச்சா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்பார். நான் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடினால், பெஞ்சில் இருக்கிறவர்களே, "அண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட ரத்தம் குடுக்கணுமாம்ல, எந்தப் பக்கம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்பார்களே, அதை நான் தினமும் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நேரில் பார்த்தேன்.

அந்த வருஷ ஆயுத பூஜையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பன்னிரண்டு வருஷமும் நடுவில் இருந்து பொட்டு வாங்கிக்கொண்டது என் மருந்துத் தராசு. அந்த வருஷம் டாக்டர் தன் கையாலேயே மைக்ராஸ்கோப்பைத் தூக்கி நடுவில் வைத்துச் செவ்வந்தி மாலை போட்டார். தராசு ஓரத்தில், ஊசி வேகவைக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது. பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னச் சின்னதாகப் பழி வாங்கினேன். ஸ்பிரிட் பாட்டிலை அவளுக்கு எட்டாத தட்டில் வைப்பேன். வந்து கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பேன். நாலு நாள் கேட்டாள். ஐந்தாம் நாள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். முகத்தில் கோபமோ கிண்டலோ இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் ஏதோ நல்லபடியாகத் தெரிகிறது என்று, "வாங்கண்ணே, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது, கண்ணாடி வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் எனக்கு ஒரு வெற்றியும் கிடைத்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஐந்து நாள் காய்ச்சலோடு வந்தார். நாக்கைப் பார்த்து டைபாய்டு என்றேன். அவள் ரத்தம் எடுத்து டைபாய்டு டெஸ்ட் போட்டாள். இல்லை என்று வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது ஆமாம் என்று வந்தது. கிளினிக் வாசலில் டீக்கடை வைத்திருந்தவரிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் இதைச் சொல்லித் தீர்த்தேன். பூதக்கண்ணாடிக்குத் தெரியாதது என் கைக்குத் தெரிந்தது என்று மார்தட்டினேன். உண்மை என்ன என்றால், அந்த முதல் ரிப்போர்ட்டின் அடியிலேயே, 'நாள் போதாது, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்' என்று அவள் எழுதியிருந்தாள். டைபாய்டுக்கு ரத்தத்தில் அடையாளம் தெரிய அத்தனை நாள் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நான் அந்த வரியை எவரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். மச்சான் மைசூர்ப் பக்கம் ஏதோ ஒரு சந்தைக்குப் போய், மாடுகளை ஓட்டிக்கொண்டு, வழியில் காட்டோரத்தில் நாலைந்து ராத்திரி படுத்துத் திரும்பியிருந்தார். வந்த கையோடு காய்ச்சல். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் படுத்துவிட்டார். என்னைத் தவிர வேறு எவரும் தன்னைத் தொடக்கூடாது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாக்கைப் பார்த்தேன். வெள்ளை படர்ந்திருந்தது. டைபாய்டு என்று தீர்ப்பு சொல்லி, டாக்டரிடம் கேட்காமலே காப்சூலை ஆரம்பித்துவிட்டேன். எங்கே போய்விட்டு வந்தீர்கள், எங்கே படுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. தெரிந்த விஷயம்தானே என்ற எண்ணம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மச்சானுக்குக் குளிர் வந்தது. இரண்டு கம்பளியைப் போட்டும் பல் தந்தியடித்தது. கட்டில் கால் தரையில் தடதடத்தது. ஒரு மணி நேரம் கழித்து உடம்பு கொதித்தது. அதன்பிறகு வேர்வை கொட்டியது. பன்னிரண்டு வருஷ அனுபவம் இருக்கிறதே, அது வேண்டாத நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது. இது டைபாய்டு இல்லை. இது மலேரியா.

என் மனைவி பயந்துபோய், நீங்கள் கிழித்தது போதும், டாக்டரிடம் காட்டுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். வேறு வழியில்லாமல் சாயந்திரம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, நான் ஆரம்பித்த காப்சூல் தொடரட்டும் என்றார். "லேப் மூடியாச்சு. காலையில முதல் வேலையா வந்து ரத்தம் குடுத்துருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் மனசில் ஒரே படம்தான் ஓடியது. காலையில் அந்தப் பெண் விரலில் குத்துவாள். கண்ணாடியில் தடவுவாள். மலேரியா என்று எழுதிக் கொடுப்பாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். என் வீட்டுக் கூடத்தில் என் கையாலேயே மருந்து சாப்பிட்ட என் சொந்த மச்சானின் நோயை நான் தப்பாகச் சொன்னேன் என்று காளவாசல் சிரிக்கும், மறுநாள் உசிலம்பட்டி சிரிக்கும். அதைவிட மோசம், அவள் சிரிக்க மாட்டாள். வழக்கம்போலச் சும்மா இருப்பாள். அதை நினைத்தபோதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மலேரியாவுக்கான கசப்பு மாத்திரை என் பையில் இருந்தது. நாலை எடுத்துக் கல்வத்தில் இட்டு நைத்துப் பொடியாக்கினேன். காகிதத்தில் பொட்டலம் மடித்தேன். கம்பவுண்டர் மடிக்கிற பொட்டலத்தை எவரும் பிரித்து ஆராய மாட்டார்கள். அடுத்தடுத்து கொடுக்க வேண்டியதற்கு இன்னும் மூன்று பொட்டலம் மடித்துவைத்தேன். என் கணக்கு இதுதான்: மருந்து உள்ளே போனால் காலையில் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. அவள் இல்லை என்று எழுதுவாள். மலேரியா அதுபாட்டுக்குக் குணமாகிவிடும். டைபாய்டுக்கு நான் கொடுத்த காப்சூலில்தான் குணமானது என்று பேர் எனக்கு வரும். மச்சானுக்கும் கெடுதல் இல்லை, எனக்கும் கெடுதல் இல்லை. எத்தனை அழகான யோசனை என்று என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

"இது என்ன மாப்ள, இம்புட்டுக் கசக்குது?" என்று மச்சான் முகத்தைச் சுளித்தார்.

சீரணத்துக்கு என்றேன். தேன் விட்டுக் குழைத்துக் கொடுத்தேன். நல்ல பிள்ளையாக விழுங்கினார்.

காலையில் காய்ச்சல் தணிந்திருந்தது. அந்தப் பெண் ரத்தம் எடுத்தாள். அவரிடம் எங்கே போய்விட்டு வந்தார், எங்கே தங்கினார், குளிர் எந்த நேரத்தில் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அன்று மைக்ராஸ்கோப்பை விட்டு அவள் கண்ணை எடுக்கவே இல்லை. சாதாரணமாக ஒரு கண்ணாடித் துண்டுக்கு எடுத்துக்கொள்கிற நேரத்தைப் போல நாலு மடங்கு எடுத்துக்கொண்டாள். பிறகு தடுப்பைத் தாண்டி என் பக்கம் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க மச்சானுக்கு நேத்து ஏதும் மலேரியா மாத்திரை குடுத்தீங்களா?"

"நான் எதுக்குக் குடுக்கப் போறேன்?"

"இல்லண்ணே, ஒண்ணே ஒண்ணு அரைகுறையாக் கண்ணுல பட்டுச்சு. மருந்து விழுந்தா அப்பிடித்தான் இருக்கும். அதான் கேட்டேன்."

நான் மிக்சர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். குலுக்குவதை நிறுத்தவில்லை. கொடுக்கவில்லை என்று இன்னொரு தரம் சொன்னேன்.

அவள் டாக்டரிடம் போனாள். சந்தேகமாக இருக்கிறது, குளிர் வருகிற நேரம் பார்த்து மறுபடி எடுக்க வேண்டும் என்றாள். அன்று கூட்டம் வாசல் தாண்டி நின்றது. டாக்டருக்கு முன்கோபம் உண்டு. "இருந்தா இருக்குன்னு எழுது, இல்லைன்னா இல்லைன்னு எழுது. சந்தேகத்துக்கு நான் என்னம்மா மருந்து குடுக்கறது?" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டார். அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் இல்லை என்று எழுதவில்லை. 'சந்தேகம். மறுபடி பார்க்கவும்' என்றுதான் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாளில் மச்சானை மறுபடி வரச் சொல்லும்படி என்னிடம் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இரண்டு கவளம் அதிகமாகவே இறங்கியது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது உண்மை அனுபவம் ஆகாது. தப்பே செய்யாத ஒரு பெண் நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாளே மச்சான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சந்தைநாள் நெருங்குகிறது, மாடுகள் கட்டுத்தரையில் நிற்கின்றன என்று ஊருக்குக் கிளம்பினார். மறுபடி ரத்தம் கொடுக்க வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்டதில் பயந்து அடுத்த பொட்டலத்தைக் கொடுக்காமல் தள்ளிப்போட்டிருந்தேன். காப்சூலோடு மீதி மூன்று பொட்டலத்தையும் கையில் கொடுத்து மறக்காமல் சாப்பிடச் சொன்னேன். அந்தப் பொடிதான் உயிர் காக்கிற மருந்து என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் என்ன மருந்து என்று சொல்ல வேண்டும். சீரணப் பொடி என்று சொன்னது சொன்னதுதான். பஸ் கிளம்பும்போதும் ஜன்னல் வழியாக, "மாப்ள கைய வச்சா வச்சதுதான்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் அவர் சொல்வது எனக்குக் கேட்டது.

ரத்தம் எடுத்ததிலிருந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக்கை அவசரத்துக்கு மட்டும் திறந்து வைப்போம். லேப் கிடையாது. வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ஊர்க்காரர் ஒருவரும் டிரைவருமாக மச்சானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். முதலில் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. கண் மஞ்சளாகச் செருகியிருந்தது. இல்லாத மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு ஆள் அனுப்பினேன். அவள் ஓடிவந்து அண்ணே என்று கையைப் பிடித்தாள். அவர் அவளை யாரோ போலப் பார்த்தார்.

ஊர்க்காரரைத் தனியே கூப்பிட்டு, நான் கொடுத்த பொடியைச் சாப்பிட்டாரா என்று கேட்டேன். "அது சீரணத்துக்குத்தானங்க? நாலு இட்லி எட்டு இட்லியாத் திங்குறேன், இது எதுக்குன்னு அங்கனயே போட்டுட்டாரு" என்றார்.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். கழுத்தை மடக்கிப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தார். 'சந்தேகம்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, மறுபடி ரத்தம் கொடுக்க ஏன் வரவில்லை என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்று முணுமுணுத்தேன். பத்து நாளுக்கு மேல் டைபாய்டு மருந்து சாப்பிட்டும் இப்படி ஆகிறது என்றால் மூளைக்காய்ச்சலாக இருக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்கட்டும் என்று பேனாவைத் திறந்தார். அன்றைக்கு ரத்தத்தில் தெளிவாக ஒன்றும் தெரியாததால் மலேரியா அவர் பேச்சிலேயே வரவில்லை. வராமல் செய்தவன் நான்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "சார், ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாரேன். ரத்தம் பாத்துட்டு எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டாக்டர் பதில் சொல்வதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

ஆரப்பாளையம் வரை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. வீட்டு வாசலில் அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் வாளியைத் தள்ளி வைத்தாள். மச்சான் நினைவில்லாமல் கிடக்கிறார், வந்து ரத்தம் பார் தாயி என்றேன். கையை முந்தானையில் துடைத்தாள். உள்ளே எட்டி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள். ரிக்‌ஷா கிடைக்குமா என்று நான் தெருமுனையைப் பார்த்தேன். "அதெல்லாம் நேரமாகும். நீங்க மிதிங்கண்ணே" என்று சைக்கிள் காரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலத்தில், பட்டப்பகலில், தெருவே பார்க்க அப்படி ஏறி உட்காருவதற்கு ஒரு பெண்ணுக்கு எத்தனை துணிச்சல் வேண்டும் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

முகத்துக்கு நேரே என்னால் சொல்லியிருக்க முடியாது. முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் சொன்னேன். சைக்கிளை மிதித்துக்கொண்டே, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் கொட்டினேன். மாத்திரையை நைத்தது, பொட்டலம் மடித்தது, சீரணத்துக்கு என்று பொய் சொன்னது, அவள் கேட்டபோது இல்லை என்றது, மறுபடி வரச் சொல்லாமல் விட்டது. உன்மேல் எனக்குப் பொறாமை என்பதையும் சொன்னேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. ஒரு சமயம் இறங்கிப் போய்விட்டாளோ என்றுகூட நினைத்தேன். காளவாசல் திரும்பும்போதுதான் பேசினாள்.

"எத்தனை மாத்திரைண்ணே? எந்த நேரத்துல குடுத்தீங்க?"

நாலு, சாயந்திரம் ஏழு மணிக்கு என்றேன்.

"அதுக்கப்புறம் ஒண்ணும் உள்ள போகலைல?"

"போகலை."

"சரி. நான் போய் ஸ்லைடு போடுறேன். நீங்க டாக்டர்ட்ட போய் இதை அப்படியே சொல்லுங்க. நான் சொன்னா அவரு மறுபடி யோசிப்பாரு. நீங்க சொன்னா உடனே மருந்து எடுப்பாரு."

சொன்னேன். டாக்டர் அறையில் என் மனைவியும் நின்றாள். டாக்டர் பேனா எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றது. என்னை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. திட்டவில்லை. எழுந்து, "குயினைன் எடு" என்றார். குளுக்கோஸ் பாட்டிலில் மருந்தைக் கலந்து ஏற்ற ஆரம்பித்தார். வழக்கமாக அதை நான்தான் மாட்டுவேன். அன்று என்னைத் தொடவிடவில்லை.

லேப் பக்கம் போய் நின்றேன். அவள் கண்ணாடித் துண்டில் சாயம் ஊற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். கழுவி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இந்தத் தரம் பார்த்த உடனே தலையைத் தூக்கினாள்.

"மலேரியாதான். டாக்டர்ட்ட சொல்லிட்டு வாரேன்" என்று எழுந்தவள், நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "நீங்க பாருங்கண்ணே."

முதல்தடவையாகக் கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு வட்ட வட்டமாக ரத்த அணுக்கள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும், கல் வைத்த மோதிரம் போல ஊதா நிறத்தில் ஒரு சின்ன வளையம். ஒன்றிரண்டு இல்லை. பார்க்கிற இடமெல்லாம் இருந்தது. என் மச்சானை உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்தது அதுதான். நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடுகிறவனுக்கு இது எந்த ஜென்மத்தில் தெரியப்போகிறது? ஒன்பது நாளுக்கு முன்னால், மருந்தில் அடிபட்டு மிச்சமிருந்த ஒரே ஒரு வளையத்தை அவள் இத்தனை அணுக்களுக்கு நடுவில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். அதைக் கண்ட கண்ணுக்குத்தான் திட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழுதுகொண்டிருந்த அந்த நேரத்திலும், இவளுக்கு இருக்கிற கண் நமக்கு வாய்க்கவில்லையே என்று ஓரத்தில் ஒரு பொறாமை இருக்கத்தான் செய்தது. அது அத்தனை சீக்கிரம் சாகாது.

அவள் ரிப்போர்ட்டோடு மச்சானைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் தங்கையை அடையாளம் கண்டு தண்ணீர் கேட்டார். மூன்று வாரத்தில் ஊருக்குத் திரும்பினார். டாக்டர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மருந்து அலமாரிச் சாவியை மட்டும் ஆறு மாதம் தன்னிடமே வைத்துக்கொண்டார். நாக்கைப் பார்த்து நோய் சொல்கிற வேலையை நானே விட்டேன். காய்ச்சல் என்று பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களிடம், "வரும்போது மாத்திரை ஏதும் போட்டீங்களா? போட்டிருந்தா மறைக்காம அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிருங்க. மறைச்சா ரத்தமும் மறைச்சிரும்" என்று சொல்லி அனுப்புவது என் வேலையாயிற்று.

என் மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது முதலில் சொன்னது இதுதான்: "எங்க அண்ணன்கிட்ட இதை ஒரு நாளும் சொல்லிராதீங்க. உங்களுக்காகச் சொல்லலை. அண்ணன் தாங்காது."

அங்கேதான் வந்தது எனக்குத் தண்டனை. நினைவு தப்பிக் கிடந்தவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. மாப்ள சைக்கிளில் பறந்துபோய் லேப் பொண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார், டாக்டருக்கே இது மலேரியா என்று எடுத்துச் சொன்னார், இல்லையென்றால் நான் இன்றைக்கு இல்லை என்று, கூட வந்த ஊர்க்காரர் சொன்ன அரைகுறையை வைத்து மச்சான் தானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார். கல்யாண வீடு, காதுகுத்து, சந்தை, எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதைதான். என்னைப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் நான் தரையைப் பார்ப்பேன். எம்புட்டு அடக்கம் பாருங்கய்யா என்பார்கள்.

இரண்டு வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கு வெளியூரில் அரசாங்க வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்றைக்கு அவளிடம் சொன்னேன். உனக்குச் சேர வேண்டிய பேரையெல்லாம் என் மச்சான் எனக்குக் கொடுத்துக்கொண்டு திரிகிறார், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"சொல்லிட்டுப் போகட்டும்ணே. சொல்றதுக்கு ஆளு உசுரோட இருக்காருல்ல."

மச்சான் போன வருஷம்தான் காலமானார். எண்பதைத் தாண்டி, நன்றாக வாழ்ந்து முடித்தார். கேதத்துக்கு வந்திருந்த உசிலம்பட்டிக்காரர் ஒருவர் தன் மகனிடம் என்னைக் காட்டி, அந்தக் காலத்தில் இவருடைய உயிரைக் காப்பாற்றிய மாப்பிள்ளை இவர்தான் என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும், இனிமேல் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எழுதிவிட்டேன். இன்னொருத்தி பேரைப் பார்த்து வயிறெரிந்த எனக்கு, அந்தப் பேரையே நாற்பது வருஷத்துக்கு மேல் சுமக்கக் கொடுத்துவிட்டார்கள். அதைவிட பாரமான ஒன்றை நான் இதுவரை தூக்கியதில்லை.